பூச்சி தின்னும் செடியும் மாவுப்பூச்சியும்: ஊரார் கடமை யாது?

பூச்சிகளைப் பிடித்துத் தின்று வாழும் செடிகள் சில இவ்வுலகில் உள. அவற்றின் வரலாற்றைக் கேட்போர், "அத்தகைய செடிக்கும் பூச்சியால் உபத்திரவம் நேருமோ?" என்று நகைப்பது இயல்பே. ஆயினும் மாவுப்பூச்சி என்னும் மெல்லிய வெண்பூச்சி அச்செடிகளையும் விட்டுவைப்பதில்லை. வீட்டுத் திண்ணையில் ஒரு தொட்டியோடு நின்றுவிடுமாயின் இதனைப் பற்றி இப்பத்திரிகையில் எழுத வேண்டிய அவசியம் இராது. தொட்டியில் வந்திறங்கிய பூச்சி தோட்டத்திற்கும், தோட்டத்திலிருந்து ஊருக்கும் பரவ வல்லது. ஆதலின், மாவுப்பூச்சியை ஒழிப்பது ஒருவர் தனித்துச் செய்யும் காரியமன்று, ஊரார் கூடிச் செய்ய வேண்டிய காரியம் என்பதே அடியேனது அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களை இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலூகாக்களின் நிலவுடைமையாளரும் கிராம அதிகாரிகளும் ஆலோசிக்கும் பொருட்டு ஈண்டு எடுத்துரைக்கலானேன்.

அழகுச் செடிகளை வெளியூர் நாற்றுப் பண்ணைகளிலிருந்து தருவித்து வீடுகளில் வளர்க்கும் வழக்கம் இந்நாளில் எங்கும் பெருகி வருகிறது. அவற்றுள் குடுவைச் செடியும் ஒன்று. இதன் இலையின் நடுநரம்பு நுனியைக் கடந்து கொடிபோல் நீண்டு, அதன் முனையில் மூடியோடு கூடிய ஒரு சிறு குடுவையாகிறது. குடுவையின் விளிம்பில் ஊறும் தேனை நாடிவரும் எறும்பும் ஈயும் வழுக்கி உள்ளே விழுந்து, அங்குள்ள நீரில் செரித்துச் செடிக்கு உரமாகின்றன. நம் தேசத்தில் இது மேகாலயத்துக் காரோ, காசி, ஜயந்தியா மலைகளில் இயற்கையாக விளைவது. இலங்கையின் ஈரமிக்க பகுதிகளிலும் இதன் இனம் ஒன்று உண்டு. இலைமயிர்களில் பசைத்துளி ஏந்திச் சிற்றுயிர்களைப் பற்றும் பனித்துளிச் செடி வேறொரு வகை. சித்த வைத்தியர் அழுகண்ணி என வழங்குவது இவ்வகையைச் சேர்ந்தது என்பர்.

இச்செடிகளின் பொறிகள் யாவும் அலைந்து திரியும் உயிர்களுக்கென அமைந்தவை. மாவுப்பூச்சியின் பெண்ணுக்கோ சிறகில்லை. அது இலைக்கவட்டிலும், இலையின் அடிப்புறத்திலும், குடுவையின் மூடிக்குக் கீழும், சில சமயம் வேரிலும் அமர்ந்து, ஊசி போன்ற வாயைச் செலுத்திச் சாற்றை உறிஞ்சிக்கொண்டு இருந்தவிடத்திலேயே இருக்கும். அரண்மனை வாயிலில் காவலர் நிற்கக் கொல்லைப்புறத்திற் கள்வன் குடியேறியது போன்றது இது. அப்பூச்சி கழிக்கும் இனிய நீரை உண்ணும் பொருட்டு எறும்புகள் வந்து கூடும். அவற்றுட் சில குடுவையில் விழுந்து மடியினும், எஞ்சியவை மாவுப்பூச்சியைப் பேணி, அதன் குஞ்சுகளை இலைக்கு இலை எடுத்துச் செல்லும்.

இதற்குப் பரிகாரம் யாதெனப் பலர் வினவுகின்றனர். இச்செடிகள் சத்தற்ற சதுப்பு மண்ணிற் பிறந்தவை. உப்புக் கலந்த கிணற்று நீரும், சோப்பும், எண்ணெயும் இவற்றின் சுரப்பிகளைக் கெடுக்கும். ஆகையால் வயலிற் பயன்படும் மருந்து எதனையும் இவற்றின்மேல் தெளிக்கலாகாது. முதலில் அத்தொட்டியை மற்றத் தொட்டிகளினின்றும் விலக்கி வைக்க வேண்டும். குச்சியிற் சுற்றிய பஞ்சினை மழைநீரில் நனைத்துப் பூச்சிகளைத் துடைத்தெடுக்க வேண்டும். பஞ்சின் நுனியில் எரிசாராயம் சிறிது தோய்த்துப் பூச்சியை மட்டும் தொட்டால் அதன் மெழுகு கரைந்து அது மடியும். சாராயம் இலையில் வழியாதிருக்கக் கவனம் வேண்டும். மிகவும் பீடிக்கப்பட்ட இலைகளை அறுத்து எரித்துவிடலாம். வேரிலும் பூச்சியிருப்பின் செடியைப் பிடுங்கி, மழைநீரில் வேரைக் கழுவிப் புது மண்ணில் நட்டுப் பழைய மண்ணை அப்புறப்படுத்துக. சர்க்கரைப் பாத்திரத்தை நம் இல்லத்துப் பெண்டிர் தண்ணீர்த் தட்டின் நடுவே வைப்பதுபோலத் தொட்டியையும் நீர் நிறைந்த தட்டின் நடுவே ஒரு கல்லின்மேல் வைத்தால் எறும்பு அணுகாது. முட்டைகள் முறை முறையாய்ப் பொரிக்குமாதலின், வாரம் ஒரு முறையாக ஒரு மாத காலம் இவ்வேலையை விடாது செய்தல் அவசியம்.

ஒரு தொட்டிக்கு இத்துணைப் பாடுபடுவானேன் என்று கேட்கலாம். அயலூரிலிருந்து வரும் ஒரு தொட்டியோ, ஒரு கன்றோ, ஒரு கரணையோ புதியதோர் எதிரியைச் சுமந்து வருதல் கூடும் என்பதற்கு நம் மாகாணமே சாட்சியாக இருக்கிறது. பப்பாளி மாவுப்பூச்சி என்பது மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கப் பிரதேசங்களுக்குரியது. அது 1990-க்குப் பின் கரிபியன் தீவுகளிற் பரவி, 1998-இல் அமெரிக்காவின் ஃப்ளாரிடாவை அடைந்து, பசிபிக் தீவுகள் சிலவற்றைக் கடந்து, 2008-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் பப்பாளி மரங்களிற் காணப்பட்டது. அதே ஆண்டில் இலங்கையிலும் தோன்றிற்று. பப்பாளியோடு அது நிற்கவில்லை. மல்பெரி, மரவள்ளி, பருத்தி, கத்தரி, கொய்யா, செம்பருத்தி எனப் பற்பல பயிர்களையும் தொற்றியது. 2009, 2010-ஆம் ஆண்டுகளில் கோவை, திருப்பூர், ஈரோடு ஜில்லாக்களில் மல்பெரித் தோட்டங்கள் வெளுத்துச் சுருங்கின. பட்டுப்புழு வளர்த்தோர் இலைக்கு வழியின்றித் தவித்தனர். பப்பாளித் தோப்புகளில் காயெல்லாம் மாவு பூசினாற்போல் வெண்மையாகி, அதன்மேற் கரும்பூசணம் படர்ந்து, சந்தைக்கு உதவாமற் போயின.

அப்போது பலரும் செய்தது யாது? கடையிற் கிடைத்த விஷ மருந்துகளையெல்லாம் மேன்மேலும் தெளித்தனர். ஆயினும் பூச்சி குறையவில்லை. இதன் காரணம் வெளிப்படை. மாவுப்பூச்சியின் உடலை மூடியுள்ள மெழுகுப் பொடியில் மருந்து நீர் ஒட்டாது வழிந்தோடும். முட்டைகளோ பஞ்சு போன்ற பையினுள் பத்திரமாக இருக்கும். ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். ஆகவே நூற்றில் ஒன்று தப்பினும் ஒரு மாதத்திற்குள் பழைய நிலைமை திரும்பிவிடும். மருந்தினால் உடனே மடிந்தவை, மாவுப்பூச்சியைத் தின்று நமக்கு உதவி செய்யும் பொறிவண்டு முதலியனவே. பகைவனை அடிக்க ஓங்கிய கோல் நம் காவலாளியின் தலையில் விழுந்த கதையாயிற்று.

துன்பம் தீர்ந்த வழி வேறு. இப்பூச்சியின் பிறந்த நாட்டில் அதனை அடக்கி வைக்கும் சிறு குளவிகள் உள. அசிரோஃபாகஸ் பப்பாயே என்பது அவற்றுள் முதன்மையானது. எள்ளினும் சிறியது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். அம்முட்டையிலிருந்து வரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று, பின் சிறகுள்ள குளவியாய் வெளிவரும். இக்குளவியையும் வேறு இரு வகைக் குளவிகளையும் பெங்களூரிலுள்ள மத்திய பூச்சியியல் நிலையத்தார் அமெரிக்க விவசாய இலாகாவின் உதவியால் போர்ட்டோ ரீக்கோ தீவிலிருந்து 2010-இல் வரவழைத்துப் பரிசோதித்தனர். அவ்வாண்டின் பிற்பகுதியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும் பிறரும் அவற்றைப் பெருக்கி வயல்களில் விட்டனர். அடுத்த ஆண்டு முடிவதற்குள் பூச்சியின் கொட்டம் பெரிதும் அடங்கிற்று. மருந்துக்குப் பல்லாயிரம் ரூபாய் செலவிட்டும் காணாத பயனை, கண்ணுக்குத் தோன்றாத ஒரு குளவி கூலியின்றிச் செய்து முடித்தது.

மரவள்ளியிலும் இக்கதையே மறுபடியும் நிகழ்ந்தது. தென் அமெரிக்காவுக்குரிய மரவள்ளி மாவுப்பூச்சி 1970-க்குப் பின் ஆப்பிரிக்காவிற் புகுந்து, மரவள்ளியையே உணவாகக் கொண்ட கோடிக்கணக்கான மக்களைப் பட்டினியின் விளிம்பிற்குத் தள்ளிற்று. அங்கு அதனை அடக்கியது அனகைரஸ் லோபஸி என்னும் குளவி. அப்பணிக்குத் தலைமை வகித்த ஹான்ஸ் ஹெரன் என்பாருக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு அளிக்கப்பட்டது. அப்பூச்சி 2020-இல் கேரளத்துத் திருச்சூரிலும், பின் சேலம், நாமக்கல் முதலிய நம் ஜில்லாக்களிலும் தென்பட்டது. முன்னைய அனுபவம் இருந்தமையால் இம்முறை காலம் வீணாகவில்லை. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அதே குளவி தருவிக்கப்பட்டு, 2022-இல் சேலம் ஜில்லா ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தினின்று வயல்களில் விடப்பட்டது.

இவையெல்லாம் புதுமை என்று எண்ண வேண்டா. நம் கரிசற்காட்டுக் கிராமங்களில் மூத்தோர் வாய்மொழியாகக் கேட்டிருக்கக்கூடிய சப்பாத்திக்கள்ளியின் வரலாறும் இதே நீதியைப் போதிப்பது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அக்கள்ளி வேலியிலிருந்து வெளியேறி விளைநிலங்களையும் மேய்ச்சல் தரைகளையும் அடைத்துக்கொண்டது. மாவுப்பூச்சிக்கு உறவான கள்ளிப்பூச்சி ஒன்று 1926-இல் தென்னிந்தியாவிற் கொண்டுவிடப்பட்டது. வெட்டியும் எரித்தும் ஒழியாத கள்ளியைச் சில ஆண்டுகளில் அப்பூச்சி பெரும்பாலும் அழித்துவிட்டது. ஒரே இனத்து உயிர், பயிரில் அமர்ந்தாற் பகையாகவும், களையில் அமர்ந்தால் உறவாகவும் ஆகிறது. பூச்சி என்றவுடன் கொல்லத் துணிவதும் அறியாமை. எதனையும் கொல்லாதிருப்பதும் அறியாமை. எது எதனைத் தின்று வாழ்கிறது என்று அறிதலே விவசாயியின் கல்வி.

இனி, இதற்கு எதிராகக் கூறப்படுவனவற்றையும் கவனிப்போம். "குளவி வரும்வரை என் பயிர் காத்திருக்குமோ?" என்பது முதற்கேள்வி. இது நியாயமான கேள்வியே. இளங்கன்றும் நாற்றும் பீடிக்கப்படும்போது கைகட்டி நிற்கும்படி எவரும் சொல்லவில்லை. பீடிக்கப்பட்ட கிளைகளை நறுக்கி எரித்த பின், லிட்டர் ஒன்றுக்கு 20 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலுடன் கலந்தோ, லிட்டர் ஒன்றுக்கு 25 கிராம் மீனெண்ணெய் ரோசின் சோப்பைக் கரைத்தோ தெளிக்கலாம். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து வடித்து 100 லிட்டராக்கிய சாறும் ஏற்றதே. மெழுகு மூடாத இளங்குஞ்சுகள் தவழும் பருவத்தில், இலையின் அடிப்புறம் நனையும்படி தெளித்தாற்றான் பலனுண்டு. இவை கொடிய விஷங்களைப்போல் நண்பரையும் பகைவரையும் ஒருங்கே மாய்ப்பதில்லை.

"எல்லா மாவுப்பூச்சிக்கும் அக்குளவி உதவுமோ?" என்பது இரண்டாவது கேள்வி. உதவாது. பப்பாளிப் பூச்சியின் குளவி மரவள்ளிப் பூச்சியைத் தொடாது. பருத்தியில் வருவதற்கு அதற்குரிய குளவி வேறு. ஆதலின், வெண்மையாகத் தோன்றுவது எதுவாயினும் ஒரே பெயரிட்டு ஒரே மருந்து தேடுவது தவறு. தென்னையில் 2016-இல் பொள்ளாச்சிப் பக்கத்தில் முதலிற் காணப்பட்டுப் பின் எங்கும் பரவிய சுருள் வெள்ளை ஈயையும் மாவுப்பூச்சியென்றே மயங்குவோர் உளர். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பருத்தி ஆராய்ச்சி நிலையம் அருகிலேயே இருக்கிறது. அருப்புக்கோட்டையில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பூச்சியோடு கூடிய ஒரு கிளையைக் காகிதப் பையிலிட்டு வாய் கட்டி அங்கே காட்டி, இன்ன பூச்சி என்று அறிந்த பின் காரியத்தில் இறங்குவது, கடைக்காரர் சொற்கேட்டு மருந்து வாங்குவதினும் சிக்கனமானது.

"நான் ஒழித்தாலும் பக்கத்து நிலத்தார் ஒழிக்காவிடில் என்ன பயன்?" என்பது மூன்றாவது கேள்வி. இதுவே யாவற்றிலும் முக்கியமானது. இதற்கு விடை தனி ஒருவரிடம் இல்லை, ஊரிடம் இருக்கிறது. மாவுப்பூச்சி வயலில் மட்டும் வாழ்வதன்று. பார்த்தீனியம், துத்தி முதலிய களைகளில் அது ஆண்டு முழுதும் தங்கும். அக்களைகள் மண்டிக் கிடப்பவை வாய்க்காற்கரை, சாலையோரம், களத்துமேடு, புறம்போக்கு, சொந்தக்காரர் வெளியூரிலிருக்கும் தரிசு ஆகியவை. நாம் வயலிற் செய்யும் பாட்டையெல்லாம் அவ்விடங்கள் அவமாக்குகின்றன. பூச்சி பிடித்த செடிகளை வெட்டி வாய்க்காலில் எறியும் வழக்கமோ அதனினும் கொடியது. நீர் பாயும் இடமெல்லாம் பூச்சியும் பாய்கிறது.

இதனை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர் என்பதற்குச் சட்டமே சான்று. வெளிநாட்டிலிருந்து பூச்சியும் நோயும் நுழைவதைத் தடுக்க இந்தியா முழுவதற்கும் 1914-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. உள்நாட்டில் ஒருவர் நிலத்திலிருந்து மற்றவர் நிலத்திற்குப் பரவுவதைத் தடுக்கச் சென்னை மாகாணத்தில் 1919-இல் விவசாயப் பூச்சி, நோய்ச் சட்டம் செய்யப்பட்டது. சர்க்கார் விளம்பரம் செய்த பூச்சியைக் குறித்த முறையில் ஒழிப்பது நிலத்தை அனுபவிப்போர் கடமை என்பது அச்சட்டத்தின் சாரம். அறுவடையான பருத்திச் செடிகளைக் குறித்த நாளுக்குள் பிடுங்கிவிட வேண்டும் என்னும் கட்டளை அதன்கீழ் நடைபெற்றது. பருத்தி விளையும் நம் பிரதேசத்தார்க்கு இதன் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை. அண்டை வீட்டுக் கூரையில் தீப்பற்றினால், "அது அவர் வீடு" என்று எவரும் சும்மா இருப்பதில்லை. பூச்சியும் அத்தகையதே.

ஆயினும் சட்டத்தின் அச்சத்தினும் ஊர்க்கட்டுப்பாடே சிறந்தது என்பது அடியேன் கருத்து. கிராம நிர்வாக அலுவலரும், ஊராட்சியாரும், பெருநிலக்காரரும் ஆண்டுக்கு இருமுறை கூடி, புறம்போக்கிலும் வாய்க்காற்கரையிலும் களை நீக்க நாள் குறிக்க வேண்டும். வெட்டிய களைகளை வண்டியிலேற்றி ஊர் முழுதும் இழுத்துச் செல்லாது, வெட்டிய இடத்திலேயே குழியிலிட்டு மூடவோ எரிக்கவோ வேண்டும். வெளியூரிலிருந்து பப்பாளிக் கன்றோ, மரவள்ளிக் கரணையோ, அழகுத் தொட்டியோ வாங்குவோர் அதனை மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த பின்னரே தோட்டத்திற்குக் கொண்டு செல்வதென்று ஊரார் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு தெருவில் ஒரு வீட்டார் இதைச் செய்யத் தவறினும் கட்டுப்பாடு குலையும். ஆகவே செல்வர் இல்லங்களே முதலில் வழிகாட்ட வேண்டும். அழகுச் செடி பெரும்பாலும் வருவது அவ்வில்லங்களுக்கே. அதனோடு வரும் பூச்சியால் முதலில் நஷ்டமடைவதோ, கால் ஏக்கரில் கத்தரியும் கொய்யாவும் வைத்துப் பிழைக்கும் சிறு குடியானவர்.

களையை எரிக்கும்போதும் ஓர் எச்சரிக்கை வேண்டும். குளவி புகுந்த மாவுப்பூச்சி வெண்மை மங்கிப் பழுப்பு நிறமாய் உப்பி இறுகியிருக்கும். அதில் ஊசித்துளை போன்ற வட்டமான ஓட்டை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது என்று அறியலாம். இத்தகையவை மிகுந்த கிளையை எரித்தல் நம் படையையே எரித்தலாகும். அதனைத் தோட்டத்தில் பூச்சி மிகுந்துள்ள மரத்தடியில் கட்டி வைப்பது நலம். அவ்வாறே, மாவுப்பூச்சியைப்போல் வெண்மெழுகு போர்த்து, ஆனால் அதனினும் பெரியதாகவும் விரைந்து ஊர்வதாகவும் உள்ள புழுவைக் கண்டால் நசுக்கலாகாது. அது 1898-இல் காப்பித் தோட்டங்களின் நிமித்தம் ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைக்கப்பட்டு நம் மலைகளில் நிலைபெற்ற பொறிவண்டின் குஞ்சு. மாவுப்பூச்சியே அதற்கு உணவு. வெண்பொடி போர்த்த கம்பளிப்புழு போன்ற மற்றொன்றும் உண்டு. அதன் கூட்டுப்புழு குரங்கின் முகம்போலத் தோன்றும். அது ஒரு சிறு வண்ணத்துப்பூச்சியின் புழு. நம் நாட்டிலேயே பிறந்து மாவுப்பூச்சியைத் தின்று வளர்வது. வேடத்தைக் கண்டு மயங்கி நண்பரைக் கொன்றுவிடுதல் நம் தோட்டங்களில் அடிக்கடி நேரும் பிழை. வேலையாட்களுக்கு இவற்றை ஒருமுறை நேரிற் காட்டிவிட்டால் அது நேராது.

எறும்பை மறவாதிருத்தலும் வேண்டும். எறும்பு காவலிருக்கும் கிளையில் குளவியும் பொறிவண்டும் அணுகுவது கடினம். மரத்தடியிலுள்ள புற்றுகளைக் கிளறிக் கலைப்பதும், கிளைகள் நிலத்தைத் தொடாது கவாத்துச் செய்வதும், அடிமரத்தைச் சுற்றிப் பசையுள்ள பட்டை கட்டுவதும் எளிய வேலைகள். எறும்பு ஏறாவிடில் மாவுப்பூச்சி பாதி பலம் இழந்ததாகும்.

சுருங்கக் கூறின், மாவுப்பூச்சிக்கு மருந்துப் புட்டி முதல் விடையன்று, இறுதி விடையே. புதிதாக வந்த செடியைத் தனியே வைத்துச் சோதித்தல், பூச்சியின் இனமறிதல், எறும்பை விலக்கல், களையை நீக்கல், நட்புயிரைக் காத்தல் என்னும் ஐந்தையும் செய்த பின்னும் பூச்சி மிகுமாயின் வேம்பும் சோப்பும் எடுக்கலாம். மேற்கு மலையடிவாரத்துத் தோப்புகளும் கண்மாய்ப் பாசன நிலங்களும் கரிசற்காட்டுப் பருத்தியும் ஒன்றையொன்று அடுத்துக் கிடக்கும் இவ்விரு தாலூகாக்களில், ஒருவர் நலம் மற்றவர் கவனத்தைப் பொறுத்தே இருக்கிறது. வரும் பருவத்திற்கு முன்னரே ஒவ்வொரு கிராமத்திலும் பெரியோர் கூடிக் களை நீக்கும் நாளைக் குறிப்பார்களாக. இலாகாவின் ஊழியர்கள் அழைத்தவிடத்திற்கு வந்து, நட்புயிர் இன்னது, பகையுயிர் இன்னது என்று நேரிற் காட்டக் கடமைப்பட்டவர்கள். அழைத்துப் பயன்பெறுதல் ஊராரைச் சேர்ந்தது.

— ஒரு விவசாய டெமான்ஸ்ட்ரேட்டர்